மூன்று நடைத் தண்ணீர்

முதல் தொட்டியின் மூடி இறங்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாளாக மழை விட்டபாடில்லை. குளிர் ஏறினால் தொட்டி மந்தப்படும், வெயில் வந்தால் தானே சரியாகிவிடும் என்று தொட்டிக்காரரே சொன்னார். பதினோரு வருஷமாக அந்தத் தொட்டிகளைக் கட்டி மேய்க்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள்.

ஊரின் கிழக்குக் கோடியில், மாட்டுத் தொழுவங்களைத் தாண்டி இருந்தது நகராட்சியின் வாயு நிலையம். காய்கறிச் சந்தையின் கழிவு, சாப்பாட்டுக் கடைகளின் மிச்சம், தொழுவத்துச் சாணி எல்லாம் அங்கே வந்து சேரும். தரைக்குள் கிணறு மாதிரி இறங்கிய இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு மூடி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று கழிவு நொதித்து வாயு சேரச் சேர, மூடி விரல் விரலாக மேலே எழும்பும். அந்த வாயு குழாய் வழியாகப் பின்னாலிருக்கும் மூன்று தெருக்களின் அடுப்புகளுக்கும் அரசு மருத்துவமனையின் சமையற்கட்டுக்கும் போகும். மூடியின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயத்தில் எட்டுக் கோடுகள் போட்டிருந்தார் தொட்டிக்காரர். ஏழு கோடு வெளியே தெரிந்தால் ஊர் நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

அவருடைய மனைவிக்கும் அங்கேதான் வேலை. வண்டி வந்து கொட்டியதும் பிளாஸ்டிக் பை, கயிறு, எலும்பு, எலுமிச்சைத் தோல் என்று தொட்டிக்கு ஆகாததையெல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். மேடையில் அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். சாப்பாட்டுக் கடைக் கழிவில் வாரத்துக்கு ஒரு கரண்டியாவது வராமல் இருக்காது. அதைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஒன்றுக்கொன்று ஜோடி சேராத கரண்டிகள் வீட்டில் இரண்டு டப்பா நிறையக் கிடந்தன. அதனால் நிலையத்தில் அவளுக்குக் கரண்டியக்கா என்று பேர் வந்துவிட்டது. கூட வேலை செய்த நெட்டையம்மா வாய்த்துடுக்குக்காரி. பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையோடு போய்விடுவார், தொட்டிக்கு ஏப்பம் வரவில்லை என்றால் ஊரையே எழுப்பிவிடுவார் என்று தொட்டிக்காரரைப் பற்றி அவர் காதுபடவே சொல்வாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை மழை நின்றது. வெயிலும் சுள்ளென்று அடித்தது. மூடி எழும்பவில்லை. ஐந்து கோடு தெரிந்தது, சாயங்காலத்துக்குள் நாலானது. தொட்டிக்காரர் வழிந்தோடும் வாய்க்காலில் கையைவிட்டுக் கூழை எடுத்து மோந்து பார்த்தார். நல்ல நிலையில் அது மழையில் நனைந்த வயல் மாதிரி மணக்கும். இப்போது மூக்கைக் குத்தும் புளிப்பு. நிறம் மாறும் தாளை நனைத்துப் பார்த்தார். பச்சைக்கு வர வேண்டிய தாள் மஞ்சளாகிப் போனது.

அவர் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். போன வாரம் சந்தையில் முட்டைக்கோஸ் மலிந்து, மூன்று வண்டி இலை ஒரே நாளில் வந்தது. போடலாமா வேண்டாமா என்று யோசித்து, ஒன்றரை வண்டியைப் போட்டுவிட்டார். அதுதான் வயிற்றைக் கெடுத்திருக்கிறது என்றார். அன்றே சந்தைத் தீனியை நிறுத்தி, சாணியை மட்டும் விடச் சொன்னார். சுண்ணாம்பைக் கரைத்து, தெளிவை மட்டும் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மூங்கில் கழியால் அவரே கிளறினார். மத்தியானச் சாப்பாட்டைக் கரண்டியக்கா எடுத்துப்போய் வைத்தால், திரும்ப வரும்போது மூடி போட்ட டப்பா அப்படியே இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து நிலையத்தின் பொறியாளருக்கும் நெருக்கடி. சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. இரண்டு வருஷமாகச் சுற்றுவட்டாரத்து ஆறு ஊர்களுக்கும் நடையாக நடந்து, உங்கள் ஊர் வைக்கோலும் கரும்புச் சோகையும் சந்தைக் குப்பையும் சும்மா எரிந்து புகையாகப் போகிறதே, எங்கள் ஊரை வந்து பாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். அடுத்த மாதம் அவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. வந்து பார்த்தால் முதல் தொட்டி செத்துக் கிடக்கும். மேலிடத்துக்கு ஏதாவது காரணம் எழுதியாக வேண்டும். அளவுக்கு மீறித் தீனி போட்டது என் தவறு என்று ஒரு கடிதம் எழுதித் தரும்படி தொட்டிக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். எழுதினால் வேலை போகாமல் இருக்குமா என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். தொட்டிக்காரர் மறுக்கவில்லை. என் கையால் போட்டதுதானே, வியாழக்கிழமை எழுதித் தருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை தாள் பச்சைக்குத் திரும்பியது. கரண்டியக்காவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. தொட்டிக்காரர் முகத்தில் மட்டும் தெளிச்சி இல்லை. மூடி இரண்டு கோட்டுக்கு இறங்கியிருந்தது.

"புளிப்பு போயிடுச்சு. ஆனா பசி வரலையே," என்றார். "புளிப்பு மட்டும்னா இந்நேரம் எந்திரிச்சிருக்கணும். இது வேற எதையோ தின்னிருக்கு. என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்சா மருந்து குடுக்கலாம். தெரியாம நான் என்னத்தக் குடுக்குறது?"

அதற்குள் மூன்று தெருக்களிலும் அடுப்பு நின்றுபோயிருந்தது. இரண்டாம் தொட்டியின் வாயு மருத்துவமனைக்கே போதவில்லை. இரண்டாவது தெருவில்தான் கரண்டியக்காவின் தம்பி குடியிருந்தான். அவன் மனைவிக்கு எட்டாம் மாதம். அவள் குனிந்து விறகை ஊதிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கவே கரண்டியக்காவுக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அன்று மத்தியானமே கிளம்பினாள்.

தம்பி அவள் வளர்த்த பிள்ளை. அப்பா பிழைப்புக்கு வெளிநாடு போனவர், அம்மா சீக்காளி. குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் அவள்தான். லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று இடத்தில் வேலையை விட்டவன். கடைசியில் தொட்டிக்காரர்தான் தன் பொறுப்பில் அவனை நிலையத்தில் சேர்த்துவிட்டார். தொட்டி வைத்த லாரியை எடுத்துக்கொண்டு இருபது தொழுவங்களின் சாணியைக் கரைத்துக் கொண்டுவந்து இறக்க வேண்டும். தினக்கூலிதான். ஆனாலும் இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் வந்தான். அவன் கொண்டுவரும் சாணியில் ஒரு கல் இருக்காது என்று தொட்டிக்காரர் பெருமையாகச் சொல்வார்.

அவள் போனபோது லாரி வாசலில் நின்றது. பின்பக்கத்து வால்வைத் திறந்துவிட்டு, தம்பி உள்ளே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். வழிந்த தண்ணீர் தெருவோரச் சாக்கடைக்கு ஓடியது. அதைத் தாண்டி அடியெடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் எரிந்தது. மூக்குக்குள் ஊசி ஏறிய மாதிரி இருந்தது. சாணி வாடைக்கு அடியில் இன்னொரு வாடை.

அந்த வாடையை அவள் ஒரே ஒரு தடவைதான் மோந்திருக்கிறாள். வேலைக்குப் போன ஊரில் அப்பா இறந்து, பதினொன்றாம் நாள் பெட்டியில் வந்தார். உடம்பு கெடாமல் இருக்க மருந்து ஏற்றியிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் எழுந்த அந்த நெடி வீட்டைவிட்டுப் போக ஒரு மாதம் ஆனது. அன்றைக்குத் தம்பி அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

அடுப்பைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னடா ஏத்துன இதுல?"

"சாணிதான்."

"சாணி கண்ண எரிக்குமா?"

குழாயிலிருந்து தண்ணீர் அவன் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா மேல வந்த வாடைடா இது," என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்குறது உனக்கு இல்லாமப் போகுமா?"

அதற்குப் பிறகு அவனால் மறைக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய கோழிப்பண்ணை. கோழிகளுக்கு நோய் வந்து, கொட்டகைகளையெல்லாம் கிருமி கொல்லும் மருந்து அடித்துக் கழுவினார்கள். அந்தத் தண்ணீரை எங்கேயும் விட முடியவில்லை. பண்ணை மேற்பார்வையாளர் இவனைப் பிடித்தார். வெறும் கழுவின தண்ணீர், சாணியோடு சேர்த்து விட்டுவிடு, அடுத்த மாதம் பண்ணையின் தீவன லாரி உனக்குத்தான், மாதச் சம்பளம், நிரந்தர வேலை என்றார். பிள்ளை பிறக்கப் போகிற நேரம். மூன்று நடை ஏற்றினான். மூன்றையும் முதல் தொட்டியில் இறக்கினான்.

"தண்ணிதானேன்னு நெனச்சேன்க்கா. அவ்வளவு பெரிய தொட்டி, அதுல மூணு நடை எங்க தெரியப் போகுதுன்னு..." என்றவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மாமாகிட்ட சொல்லிடாதக்கா. அவ பிரசவம் முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடுறேன். இனிமே சத்தியமா ஏத்த மாட்டேன்."

உள்ளேயிருந்து தம்பி மனைவி இருமிக்கொண்டே வந்தாள். கண் இரண்டும் விறகுப் புகையில் சிவந்திருந்தன. அடுப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. நீங்க எதுக்கு அண்ணி சிரமப்பட்டுக்கிட்டு என்று சொல்லிக்கொண்டே கரண்டியக்காவின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். பிள்ளை உதைத்தது. கரண்டியக்கா ஏதோ பேசினாள், என்ன பேசினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தொட்டிக்காரர் புதுச் சுண்ணாம்பு வாங்கி வந்தார். புதன்கிழமை வெல்லக் கரைசல் ஊற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் மருந்துத் தண்ணீர் கிடக்க, மறுபக்கம் அவர் தெரியாத நோய்க்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்துகொண்டிருந்தார். கைவிரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெடித்திருந்தது. வீட்டுக்கு வந்து, எண்ணெய் தடவக் கையை நீட்டினார். அவள் தடவிவிட்டாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிக்கு வரும். வயிற்றில் உதைத்த அந்தப் பிள்ளை நினைவுக்கு வரும். சொன்னால் தம்பிக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் இவருக்கு. இதில் எதை எடுத்து எதை வைப்பது என்று அவளால் தராசு பிடிக்க முடியவில்லை. மேடையில் உட்கார்ந்து பிரிக்கும்போது ஒரு பிளாஸ்டிக் பையைத் தவறவிட்டாள். பார்த்துக்கொண்டிருந்த நெட்டையம்மா, ஒன்றும் கேட்காமல் அதை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை. கடிதம் எழுதித் தர வேண்டிய நாள். பொறியாளர் தாளும் பேனாவுமாக வந்து மேடையோரம் நின்றிருந்தார். தம்பியின் லாரி பின்பக்கமாக வந்து நின்றது. தொட்டிக்காரர் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, முதல் தொட்டிக்கு இனிமேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம், இருக்கிற நல்ல சாணியையெல்லாம் இரண்டாம் தொட்டிக்கு விடு, அதையாவது தெம்பாக வைத்துக்கொள்வோம் என்றார். சந்தைக் கழிவை நம்ப முடியவில்லை, உன் சாணி ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் சொன்னார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு குழாயை இழுத்தான். இரண்டாம் தொட்டியின் வாயில் அதன் முனையைச் செருகினான். திரும்பி வந்து லாரியின் வால்வில் கையை வைத்தான்.

கரண்டியக்கா மேடையிலிருந்து எப்படி இறங்கினாள், எப்படி அங்கே வந்தாள் என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. கையுறை போட்ட கையோடு வால்வை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல விடாத," என்றாள்.

தம்பி அவளைப் பார்த்தான். சின்ன வயசில் பயந்தால் வருகிற அதே முகம்.

"இன்னைக்கு வெறும் சாணிதான்க்கா. நாலு தடவ கழுவிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தொட்டிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எதக் கழுவுன மாப்ள?"

அவன் சொன்னான். அக்காவிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னான். மருந்தின் பேரைச் சொன்னதும் பொறியாளர் கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தொட்டிக்காரர் அவனை அடிப்பார் என்று நெட்டையம்மா பயந்தாளாம். அவர் அவனைப் பார்க்கவே இல்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

அவர் தன் வெடித்த விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் தொட்டிப் பக்கம் போய், சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

நோய் தெரிந்த பிறகு வைத்தியம் தெளிவாகிவிட்டது. பாதித் தொட்டியை இறைக்க வேண்டும். இறைத்ததைத் தனிக் குழியில் ஆற விட வேண்டும். இரண்டாம் தொட்டியின் நல்ல கூழையும் புதுச் சாணியையும் போட்டு நிரப்பி, பச்சைப் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரி நாளுக்குக் கொஞ்சமாகத் தீனி கூட்ட வேண்டும். நாற்பது நாளாவது ஆகும் என்றார் தொட்டிக்காரர்.

தம்பியை அன்றே நிறுத்திவிட்டார்கள். பண்ணைக்கு நோட்டீஸ் போனது. லாரிக்காரன் தானாக வந்து கேட்டு எடுத்துப் போனான் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். அதற்கு மேல் அந்தக் காகிதம் நகரவில்லை. ஆறு ஊர்க்காரர்களில் மூன்று ஊர்க்காரர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள், தொட்டி எழுந்தால் சொல்லுங்கள் என்றார்கள்.

லாரி ஓட்ட ஆள் இல்லாததால் சாணியைத் தள்ளுவண்டியில் டிரம் டிரம்மாகக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிரிப்பு மேடைப் பெண்கள், காவலாளி, தொட்டிக்காரர் எல்லோரும் தள்ளினார்கள். மூன்றாம் நாள் காலை தொழுவத்து வாசலில் கரண்டியக்கா டிரம்மைத் தூக்கக் குனிந்தபோது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஜோடிக் கை பிடித்தது. தம்பி. அவனை யாரும் கூப்பிடவில்லை, கூலி கிடையாது என்று அவனுக்கும் தெரியும். மத்தியானம் வரை தள்ளினான். நிலையத்துக்குள் வந்தபோது தொட்டிக்காரர் அவனைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை, டிரம்மை நிழலில் வை, காயக்கூடாது என்றார். அதையும் வண்டியைப் பார்த்துத்தான் சொன்னார். நிரப்பி முடியும்வரை ஆறு நாளும் அவன் வந்தான். பிறகு ஒரு மரக்கடையில் சுமை இறக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

பெண் குழந்தை பிறந்த செய்தி நெட்டையம்மா மூலமாகத்தான் கரண்டியக்காவுக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போனாள். தம்பி மனைவி அவளைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கரண்டியக்கா குழந்தையின் பாதத்தை மட்டும் தொட்டுவிட்டு வந்தாள். வரும் வழியில் பின்கட்டில் விறகு எரிந்துகொண்டிருந்தது. நோயாளிகளின் கஞ்சி அண்டாவைச் சுற்றி ஒரே புகை.

வீட்டில் தொட்டிக்காரர் முகம் கொடுத்துப் பேசத்தான் செய்தார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் சொன்னார், கதவு ஆணியைச் சரிசெய்தார். ஒரு தடவைதான், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "அந்த ரெண்டு நாளும் என் கைக்கு எண்ணெய் தடவிவிட்டியே," என்றார். அவ்வளவுதான். மறுபடி சாப்பிட்டார். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அவர் அதைக் கேட்கவில்லை. அதனாலேயே அது அவளுக்குள் கிடந்து அறுத்தது.

இருபதாம் நாளுக்கு மேல் மூடி அசைந்தது. முதலில் வந்த வாயு பற்றவில்லை. நெருப்புக்குச்சியைக் காட்டினால் அணைத்துவிட்டது. அப்படித்தான் இருக்கும், அவசரப்படக் கூடாது என்று தொட்டிக்காரர் அதை வெளியே திறந்துவிட்டார். முப்பதாம் நாள் மூன்று கோடு. நாற்பத்து மூன்றாம் நாள் மத்தியானம், தொட்டியருகே இருக்கும் சோதனை அடுப்பில் குச்சியைக் காட்டியபோது பக்கென்று பிடித்தது. முதலில் மஞ்சளாகத் தடுமாறி, பிறகு நீலமாக நின்றது. பொறியாளர் வாய்விட்டுச் சிரித்தார். மருத்துவமனைக்குச் சொல்ல ஓட்டமாக ஓடினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கரண்டியக்கா மட்டும் நின்றாள். தொட்டிக்காரர் அடுப்பின் முன் குந்தியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மரக்கடையில் உன் தம்பிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். முதுகு வலி என்று இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறான் என்றாள்.

"தீனி கூட்டணும். கெளறுறதுக்கு ஆள் வேணும்," என்றார். "லாரி குடுக்க மாட்டாங்க. இதுக்காவது கேட்டுப் பாக்குறேன். எஞ்சினியர் ஒத்துக்குவாரான்னு தெரியல."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இத்தனை நாளாக உள்ளே கிடந்தது, அந்த நல்ல வார்த்தைக்கு முன்னால் இருப்புக் கொள்ளவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அன்னைக்கு அவன் ரெண்டாவது தொட்டிக்குக் கொழாயப் போடலைன்னா, நான் மூணாவது நாளும் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க கடுதாசியில கையெழுத்துப் போடுறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருப்பேன்."

அவர் அடுப்பின் திருகைப் பிடித்து நெருப்பைச் சிறிதாக்கினார். சிறிதாக்கியும் அணையாமல் நிற்கிறதா என்று பார்த்தார்.

"தெரியும்," என்றார். "அதனாலதான் ஏன் சொல்லலைன்னு நான் கேக்கல."

வாசலில் சந்தை வண்டி வந்து நின்று ஒலி எழுப்பியது. ஒன்றரை மாதம் கழித்து முதல் தொட்டிக்கென்று வந்த முதல் வண்டி. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். அவர் பின்னாலிருந்து, முட்டைக்கோஸ் இருந்தால் பாதிதான் என்றார். சரி என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, கொட்டிய குவியலில் கையை விட்டுப் பிரிக்க ஆரம்பித்தாள்.